வீட்டு வரி ரசீது எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது?

நிலத்துக்குக் கட்டிய கிஸ்தி ரசீதையும், குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டிய வரி ரசீதையும் ஒரே மஞ்சள் பையில் போட்டுப் பரணில் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏராளம். எல்லாம் சர்க்காருக்குக் கட்டிய பணம்தானே என்ற நினைப்பு. ஆனால் இவை வெவ்வேறு கணக்கில் சேரும் பணம். வெவ்வேறு காரியத்துக்கு உதவும் தாள்கள்.

நிலவரி வருவாய்த் துறையைச் சேர்ந்தது. ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையுள்ள பசலி ஆண்டுக்கு, கிராம நிர்வாக அலுவலரிடம் கட்டுவது. வீட்டு வரி ஊராட்சிக்கு உரியது. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஆண்டுக்கு இரு தவணையாக விதிக்கப்படுகிறது. ஏப்ரலில் ஒரு அரையாண்டும் அக்டோபரில் மற்றொன்றும் தொடங்குகின்றன. தொடங்கிய 30 நாட்களுக்குள் வீட்டின் உரிமையாளர் கட்டிவிட வேண்டும். அக்டோபர் தவணை கடலை பிடுங்கி நாலு காசு கையில் இருக்கும் சமயம். ஏப்ரல் தவணைதான் பலருக்கும் தவறிப் போகிறது. (1980-இல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை முறை ஒழிந்த பிறகும், எல்லா வரிக்கும் அவர் வாரிசைத் தேடிப் போன பெரியவர்கள் உண்டு!)

வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது? கூரை வீடா, ஓட்டு வீடா, கான்கிரீட் வீடா, குடியிருக்கவா, கடை நடத்தவா என்ற வகையும், வீட்டின் தரைப்பரப்பும் பார்க்கப்படும். நீளம் 30 அடி, அகலம் 20 அடி என்றால் பரப்பு 600 சதுர அடி. அரசு வகுத்த வரம்புக்குள் ஊராட்சி விகிதத்தைத் தீர்மானிக்கிறது. வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் சேரும். வரி 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நூலக வரி 20 ரூபாய்; மொத்தம் 220 ரூபாய். இது 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் கீழ் வருவது. புரியாத தொகை ரசீதில் ஏறிவிட்டது என்று இதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம்.

அளக்க வருகிறவர்களுடன் நீங்களும் நின்று டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது நல்லது. ஓட்டு வீடு கான்கிரீட் என்று பதிவாகிவிட்டாலோ, பரப்பு கூடுதலாக எழுதப்பட்டிருந்தாலோ, கேட்பு அறிவிப்பு கைக்கு வந்ததும் எழுத்து மூலம் முறையிட்டு, நகலில் ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லுக்கு அலுவலகத்தில் கணக்கில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். "முப்பது வருஷமாக வரி கட்டுகிறேன், வீடு என்னுடையதுதான்" என்று சொல்பவர்களை எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் பார்க்கலாம். வரி ரசீது மட்டும் சொத்துரிமையைத் தந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் உட்பட நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அது வரி கட்டியதற்குச் சாட்சி. அனுபவத்தில் இருப்பதற்கு ஒரு துணைச் சான்று. அவ்வளவே. உரிமைக்கு வேண்டியது கிரயப் பத்திரம், பாகப் பத்திரம், உயில் போன்றவை. பழைய ஊர்க்குடியிருப்பில் உள்ள வீடானால், நத்தம் நிலவரித் திட்டத்தில் வருவாய்த் துறை கொடுத்த நத்தம் பட்டா. அது யார் பெயரில் இருக்கிறது என்பதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

கண்மாய்கள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. கண்மாய் உள்வாயிலும் வரத்து வாரியிலும் வீடு கட்டி, ஊராட்சிக்கு வரியும் கட்டி, அதனால் இடம் தமக்கே சொந்தமாகிவிட்டது என்று நம்பியிருப்போர் உண்டு. ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அங்கே இருபது வருட ரசீதைக் காட்டினாலும் அது வீட்டைக் காப்பாற்றாது. வீடு கட்டுமுன் சர்வே எண்ணைப் பார்ப்பவனுக்கே நிம்மதி.

அப்படியானால் ரசீதில் யார் பெயர் இருந்தால் என்ன என்று விட்டுவிடவும் கூடாது. தகப்பனார் காலமாகி வரி அவர் பெயரிலேயே போய்க்கொண்டிருக்கிறது. மூத்தவர் திருப்பூரில், இளையவர் வெளிநாட்டில், நடுப்பிள்ளை ஊரில் இருந்து கட்டி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் மூத்தவர் வந்து தம் பெயருக்கு மட்டும் மாற்ற மனுக் கொடுத்தால் குடும்பமே இரண்டுபடும். துக்கம் முடிந்த சூட்டோடு இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைத்து, எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டு ஊராட்சிச் செயலரிடம் பெயர் மாற்ற மனுக் கொடுப்பதே சரி. விதவைத் தாயாரும் பெண்மக்களும் வாரிசுகளே. அவர்களை விட்டுவிட்டு எழுதும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இது பின்னால் வழக்காக வந்து நிற்கும்.

வீடு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிலவரிப் பாக்கிக்கு அடுத்தபடியாக, வீட்டு வரிப் பாக்கி அந்த வீட்டின் மீதே முதல் பொறுப்பாக நிற்கும் என்கிறது சட்டம். விற்றவர் வைத்துப்போன பாக்கிக்கு வீடு பொறுப்பாகிவிடும். அதனால் முன்பணம் கொடுக்கும் முன் கடைசி ரசீதைக் கேளுங்கள்.

2024-இல் புதுக்கோட்டை மாநகராட்சி ஆனபோது சுற்றுப்புற ஊராட்சிகளைச் சேர்க்கும் பேச்சும் எழுந்தது. நகர எல்லைக்குள் போகும் வீட்டுக்கு ஊராட்சியின் வீட்டு வரி நின்று சொத்து வரி வரும். வீடு கட்டாத மனைக்கும் காலிமனை வரி உண்டு. அந்தச் சமயத்தில் பழைய பாக்கியும் தகப்பனார் பெயரும் இருந்தால் அலைச்சல் இரட்டிப்பாகும்.

பணத்தைக் கொடுத்துவிட்டு ரசீதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று திரும்பாதீர்கள். ஊரக வளர்ச்சித் துறையின் இணையதளத்தில் செல்போன் மூலமும் கட்டலாம். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் பத்து நிமிட வேலை. கட்டும்போது வரி விதிப்பு எண், பெயர், தெரு மூன்றும் உங்களுடையதா என்று சரிபாருங்கள். ஊரில் ஒரே பெயர்க்காரர் நாலு பேர் இருப்பார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கூரையைத் தூக்கியபோது பரணில் இருந்த தாள்களும் நனைந்து போயின. அப்படி ரசீதை இழந்தவர்கள் ஊராட்சியின் வரிப் பதிவேட்டில் தங்கள் வீட்டு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம், பட்டா, ரசீது மூன்றையும் பிளாஸ்டிக் உறையிலிட்டுத் தகரப் பெட்டியில் வையுங்கள். ஒரு நகல் கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் இருக்கட்டும்.