வளித்தூரிகையும் பாலாவி உப்பும்

கொழும்புக்குப் போகும் வழியில் பாலாவியில் விமானப்படைத் தளம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளமாக இருந்தது. 'ராஜாளிய' என்று அதற்குப் பெயர். அங்கு எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தில் கோர்செயர் என்ற போர் விமானத்தை யானையொன்று இழுக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து அந்த விமானத்தைச் செய்துபார்க்க வேண்டுமென்று எனக்கு ஆசை. கட்டாரிலிருந்து வந்த மாமா 72இல் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் மாதிரியொன்றைக் கொண்டுவந்து தந்தார். ஒட்டி முடித்தபோது சிறகின் முழு அகலம் 17 சென்ரிமீற்றர்தான்.

இவ்வளவு சிறிய பொருளுக்குச் சாதாரணத் தூரிகை சரிவராது. தூரிகை விட்ட தடம் 0.1 மில்லிமீற்றர் உயர்ந்திருந்தாலும் உண்மை விமானத்தில் அது 7 மில்லிமீற்றர் வரம்புக்குச் சமன். அதனால்தான் எயார்பிரஷ் எனப்படும் வளித்தூரிகை. ஊசிமுனையைத் தாண்டி வேகமாகப் பாயும் வளி வர்ணத்தை நுண்துளிகளாக்கிக் கொண்டுபோகிறது. விசையை அழுத்தினால் வளி வரும். பின்னுக்கு இழுத்தால் வர்ணம் வரும்.

நானாவும் நானும் சேர்ந்து பழைய கொம்பிரசர் ஒன்றை வாங்கினோம். பொறுமையில்லாமல் முதல் நாளே விமானத்தில் தொடங்கினேன். தடித்த வர்ணம் முனையை அடைத்தது. அளவுக்கு மீறித் தண்ணீர் கலந்தேன்; இடது சிறகில் சிலந்திக் கால்கள்போல் ஓடியது. அதைத் துடைத்தெடுக்கவே இரண்டு மாலைகள் போயின. "பரீட்சை வருஷத்தில இது தேவையா மகள்?" என்று வாப்பா கேட்டார். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மட்டும்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

பிறகு யோகட் கோப்பைகளில் பழகினேன். வர்ணம் பால் பதத்தில் இருக்க வேண்டும்: கோப்பையின் ஓரத்தில் பூசினால் மெல்லிய படலத்தை விட்டு வழியும். அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 இறாத்தல் போதும். கார் டயருக்கு அடிப்பதில் ஏறத்தாழப் பாதி. ஒரு சாண் தூரத்தில் பிடித்தால் வர்ணம் வழியிலேயே காய்ந்து தூளாக விழுகிறது. அதில் பாதித் தூரமே எனக்குச் சரிவந்தது. சிறகுக்கு வெளியே தெளிக்கத் தொடங்கி, கையை நகர்த்தி, சிறகைத் தாண்டிய பின்பே விசையை விட வேண்டும். முதல் பூச்சில் பிளாஸ்டிக் தெரியட்டும், மூன்றாவதில் மூடிவிடும்.

நம் களப்புக் காற்றின் ஈரம் குழாயில் நீராகத் தேங்கி, வர்ணத்தோடு துப்பும். நீரைப் பிடிக்கும் சிறு வடிகட்டியைக் கட்டாயம் பொருத்துங்கள். யன்னலைத் திறந்து, முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். கொடியில் உடுப்புக் காய்கிறதா என்றும் பாருங்கள். உம்மாவின் வெள்ளைச் சீலை இப்போது சற்றே சாம்பல். வேலை முடிந்ததும் ஊசியைக் கழற்றிக் கழுவாவிட்டால் அடுத்த வெள்ளி முழுவதும் அடைப்பெடுப்பதிலேயே போய்விடும்.

மேலே இருவகைச் சாம்பல், கீழே வெளிர்பச்சை. ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பாதிருக்க, இப்பகுதியில் பறந்த பிரித்தானிய விமானங்களின் அடையாள வட்டத்தில் சிவப்பை நீக்கியிருந்தார்கள். எனவே பெட்டியில் வந்த ஒட்டுப்படங்களை விட்டுவிட்டு, கடதாசியில் வட்டம் வெட்டி நானே தெளித்தேன்.

எல்லாம் முடிந்தும் அது விளையாட்டுச் சாமான் போலவே பளபளத்தது. வாப்பா தன் லொறியடிக்குக் கூட்டிப்போய்க் கதவைக் காட்டினார். கைபிடிக்கும் இடத்திலும் கால்வைக்கும் படியிலும் மட்டுமே வர்ணம் உரிந்திருந்தது. "உன்ட பிளேன்ல ஆக்கள் எங்க மிதிச்சு ஏறுவாங்க?" என்றார்.

விமானி மிதித்து ஏறும் சிறகடியில் வெள்ளி வர்ணம் தெளித்துக் காயவிட்டேன். அதை நீரால் நனைத்து, இடித்த பாலாவி உப்பைத் தூவினேன். உப்பு காய்ந்து ஒட்டியதும் மேலே சாம்பலைத் தெளித்தேன். மறுநாள் பழைய பற்தூரிகையால் தேய்த்தபோது உப்பு உதிர்ந்து, வெள்ளி ஒழுங்கில்லாமல் எட்டிப் பார்த்தது. மிச்ச உப்பைக் கழுவிவிட வேண்டும். இல்லையென்றால் வெண்பூப் பூக்கும்.

உயிருள்ளவற்றின் உருவம் எங்கள் வீட்டில் செய்வதில்லை. அதனால் யானை இல்லை. விமானத்தின் காலில் கட்டிய கயிறு மட்டும் சேற்றின்மேல் பலகையின் விளிம்புவரை போகிறது. அந்தச் சேற்றையும் வளித்தூரிகையால்தான் தீட்டினேன்.