ஸ்காபரோ ஏரிக்கரைப் பூங்காக்களும் மண்மேடுகளும்

ஸ்காபரோவின் தெற்கே, ஒன்ராறியோ ஏரிக்கரையோரமாக ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளத்துக்குச் செங்குத்தான மேடுகள் அமைந்துள்ளன. சில இடங்களில் அவை சுமார் 90 மீற்றர் உயரமானவை. 1793 இல் இக்கரையைக் கண்ட எலிசபெத் சிம்கோ அம்மையாருக்கு இங்கிலாந்தின் ஸ்காபரோக் குன்றுகள் நினைவுக்கு வந்தன. இப்பகுதியின் பெயரும் அதனாலேயே அமைந்தது.

தொலைவில் பாறையெனத் தோன்றும் இம்மேடுகள் உண்மையில் பனியுகத்தில் படிந்த மணலும் களிமண்ணுமே. அடிவாரத்தை அலைகள் அரிக்கின்றன. மழைநீரும் உருகும் பனிநீரும் மேலிருந்து ஊறி மண்ணை நெகிழச் செய்கின்றன. ஆதலால், உறுதியாகத் தோன்றும் விளிம்பின் கீழே மண் இல்லாதிருக்கக்கூடும். ஒருவரது பாரமே அதனைச் சரித்துவிடலாம். தடுப்புவேலிகள் இடப்பட்டிருப்பது இக்காரணத்தினாலேயே. அவற்றைக் கடப்பவர் தம் உயிரை மட்டுமன்றி, மீட்க வருவோரின் உயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்குகிறார். மண் சரியும் அடிவாரத்தில் அமர்வதும் பாதுகாப்பானதன்று.

பிறிம்லி வீதியின் தென்கோடியிலுள்ள பிளஃபர்ஸ் பூங்காவின் மணற்கரையில், மேடுகளுக்குச் சற்று விலகி நின்றே அவற்றின் முழுத்தோற்றத்தையும் காணலாம். மேலிருந்து ஏரியைக் காண விரும்புவோருக்கு ஸ்காபரோ பிளஃப்ஸ் பூங்காவும் கதீட்ரல் பிளஃப்ஸ் பூங்காவும் உள்ளன; அங்கு வேலிக்கு உட்புறமாகவே நிற்றல் வேண்டும். சிறுவர்கள் பெரியோரின் கைப்பிடியில் இருத்தல் நன்று.

எவரேனும் சரிவில் சிக்கிக்கொண்டால், உதவும் எண்ணத்தில் பின்னே இறங்கலாகாது. உடனே 911 ஐ அழைத்துத் ‘தமிழ்’ எனக் கூறினால் உரைபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார். சேதமடைந்த வேலிகளை 311 இல் அறிவிக்கலாம்; அங்கும் தமிழில் பேச இயலும்.