நுரையும் அரட்டையும்: பெங்களூர் பீரைப் பற்றிச் சில செய்திகள்

மதுவைப் பற்றி ஒரு சங்க இதழில் எழுதலாமா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. வள்ளுவப் பெருந்தகை 93ஆம் அதிகாரமாகக் கள்ளுண்ணாமையை வைத்திருக்கிறார். அவருடைய சிலையோ அல்சூர் ஏரிக்கருகில் நம்மைப் பார்த்தபடி நிற்கிறது. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இந்நகரின் பீர்க் கூடங்களுக்குப் போய்வருவதை நாம் அறிவோம். அறிந்தும் அறியாதவர் போல் இருப்பதைக் காட்டிலும், அந்தக் குவளைக்குள் என்ன இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று அறிந்துகொள்வது நல்லது அல்லவா? குடிக்கச் சொல்லும் கட்டுரையன்று இது. குடிக்காத அன்பர்களும் தயங்காமல் படிக்கலாம்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். பீர் என்பது தானியத்தை முளைக்கவைத்து, அதன் மாவுப் பொருளைச் சர்க்கரையாக்கி, அச்சர்க்கரையை நொதிக்கவிட்டு எடுக்கும் பானம். இதற்குத் தமிழில் சொல் உண்டா? பனையிலும் தென்னையிலும் இறக்குவது கள். தேனில் விளைந்தது தேறல் எனப்பட்டது. நெல்லரிசியில் வீட்டிலேயே சமைத்த மதுவுக்குத் தோப்பி என்று பெயர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் இச்சொல் வருகிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய நூல் அது.

அதே நூலில் அரிசி மது சமைக்கும் முறையும் சொல்லப்படுகிறது. கொழியாத அரிசியைக் குழையக் காய்ச்சிக் களியாக்க வேண்டும். அதற்குத் துழவை என்று பெயர். அதைப் பிழா என்னும் வாயகன்ற தட்டில் ஊற்றி ஆறவைக்க வேண்டும். பிறகு முளையைக் கொண்டு செய்த நல்லடையை அதில் கலக்க வேண்டும். அந்த அடை பார்ப்பதற்குக் கறையான் புற்றின் உட்புறம் போல இருந்தது என்கிறார் புலவர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின் வலிய வாயையுடைய சாடியில் முற்றவிட்டு, வடித்து, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்க வேண்டும்.

இந்திரா நகரிலோ ஒயிட்ஃபீல்டிலோ உள்ள ஒரு பீர்க் கூடத்தில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நிற்கும் எஃகுத் தொட்டிகளில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். அரிசிக்குப் பதில் பார்லி. பார்லியை நீரில் ஊறவைத்து முளைகட்டி உலர்த்தினால் அது மால்ட். முளைவிடும் தானியத்துக்குள் மாவுப் பொருளை உடைத்துச் சர்க்கரையாக்கும் நொதிகள் உண்டாகின்றன. நல்லடையின் இரகசியமும் அதுவே. மால்ட்டை உடைத்துச் சுமார் 65 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பர். இனிப்பான சாறு இறங்கும். அதை ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவோடு கொதிக்கவைத்தால் கசப்பும் மணமும் சேரும். கெடாமல் காப்பதிலும் அப்பூவுக்குப் பங்குண்டு. பிறகு குளிரவைத்து ஈஸ்ட்டைச் சேர்ப்பர். ஏல் வகைக்கு 20 பாகையை ஒட்டிய வெப்பம் போதும், ஓரிரு வாரங்களில் தயாராகிவிடும். லாகர் வகைக்கு அதனினும் குளிர்ச்சி வேண்டும், வாரக்கணக்கில் பொறுமையும் வேண்டும். பாஸ்மதி அரிசி சேர்த்துச் செய்யும் பீரும் இவ்வூரில் கிடைக்கிறது. உருத்திரங்கண்ணனார் கண்டால் புன்னகைப்பார்.

இனி ஊர்க்கதை. 1809இல் பெங்களூரில் கண்டோன்மென்ட் அமைந்தது. படையோடு தமிழர்களும் வந்தார்கள். சிப்பாய்களாக, கொத்தர்களாக, கணக்கர்களாக, ஒப்பந்தக்காரர்களாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் வாழ்கிறார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு பீர் வேண்டியிருந்தது. கப்பலில் வருவது விலையும் அதிகம், பாதி வழியில் புளித்தும் போகும். ஆகவே நீலகிரியிலும் பெங்களூரிலும் ஆலைகள் எழுந்தன. தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915இல் இத்தகைய தென்னிந்திய ஆலைகளை ஒன்றிணைத்து யுனைட்டெட் புரூவரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பெரிய மரப் பீப்பாய்களில் பீரை நிரப்பி மாட்டு வண்டியில் படை முகாம்களுக்கு அனுப்பினார்களாம். 1947இல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநரானார், மறு ஆண்டே தலைவருமானார். பழைய ஆலை நின்ற இடத்தில் இன்று யூ.பி. சிட்டி என்னும் கடைமாளிகை நிற்கிறது. முன்பு கிராண்ட் ரோடு எனப்பட்ட வீதிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது.

கர்நாடக அரசு 2007 ஜூலை முதல் தேதியிலிருந்து சாராயத்தைத் தடை செய்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே, கூடத்திலேயே காய்ச்சி அங்கேயே விற்கும் சிறு ஆலைகளுக்கு உரிமம் தந்தது. 2010, 2011 வாக்கில் முதல் கூடங்கள் திறந்தன. கூலியாளின் குடிக்குக் கதவை மூடிய கை, கணினிப் பொறியாளரின் குடிக்குக் கதவைத் திறந்தது என்று என் நண்பர் ஒருவர் சொல்வார். சாராயத்தால் அழிந்த குடும்பங்களைக் கண்டவன் என்பதால் அத்தடையை நான் குறைகூற மாட்டேன். ஆனாலும் அவர் சொல்லில் நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சிறு ஆலைப் பீரின் சிறப்பும் அதன் பலவீனமும் ஒன்றே. சூடாக்கிக் கிருமி நீக்காததால் அதற்கு மணம் அதிகம், ஆயுள் குறைவு. 2020 மார்ச் 14 முதல் இவ்வூரில் கேளிக்கைக் கூடங்கள் மூடப்பட்டன. பத்து நாள் கழித்து நாடே மூடப்பட்டது. தொட்டிகளில் பீர் நிறைந்திருந்தது. அதைக் குளிரில் வைக்க மின்கட்டணம் கட்ட வேண்டும், விற்கவோ வழியில்லை. பல கூடங்களில் அது சாக்கடையில் போயிற்று. மே 4ஆம் தேதி மதுக்கடைகள் திறந்தபோது ஒரே நாளில் மாநிலத்தில் 45 கோடி ரூபாய்க்கு விற்பனை என்று செய்தி வந்தது. அந்த நிதியாண்டில் கலால் வரியாக அரசு எதிர்பார்த்திருந்த தொகை 22,700 கோடி. கடைகளைத் திறக்க ஏன் அவ்வளவு அவசரம் என்பது அதிலிருந்தே விளங்கும். சிறு ஆலைகளுக்கும் ஒரு சலுகை கிடைத்தது. கண்ணாடி, பீங்கான் அல்லது எஃகுப் பாத்திரத்தில் ஆளுக்கு 2 லிட்டர் வரை வீட்டுக்கு வாங்கிப் போகலாம் என்றார்கள். பால் வாங்கப் போகும் தூக்குச் சட்டியோடு பீர் வாங்க நின்றவர்களை அந்நாளில் கண்டேன். செப்டம்பர் முதல் தேதிக்குப் பிறகே, பாதி இருக்கைகளோடு, கூடத்தில் அமர்ந்து குடிக்க அனுமதி கிடைத்தது.

பணியாளர்களின் கதையை யாரும் எழுதவில்லை. குவளை கழுவியவர்கள், பரிமாறியவர்கள், சமையற்கட்டில் நின்றவர்கள் எனப் பலரும் வடகிழக்கிலிருந்தும், தருமபுரி கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்தும் வந்த இளைஞர்கள். அவர்களில் ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை.

இப்போது அரட்டைக்கு வருகிறேன். அரட்டை என்ற நம் சொல்லும் ஹரட்டெ என்ற கன்னடச் சொல்லும் உறவினர். நுரைக்கு அவர்கள் நொரெ என்பார்கள், கள்ளுக்குக் கள்ளு, நீருக்கு நீரு. குடியும் பேச்சும் தொடர்பான சொற்களில் இரு மொழிகளும் இவ்வளவு நெருங்கியிருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். குடியும் அரசியலும் ஒன்றாக அமர்வது புதிதன்று. சிறிதளவே மது கிடைத்தால் அதை எனக்கே தந்துவிடுவான் என்று அதியமானை எண்ணிப் புலம்பிய ஔவையாரே, அவனுக்காகத் தொண்டைமானிடம் தூதும் சென்றவர். புறநானூற்றில் இரண்டையும் காணலாம்.

பெருந்தொற்றின் இரண்டு குளிர்காலங்களில் எங்கள் மேசைக்குப் பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. நாங்கள் மூவர். ஒருவர் தஞ்சாவூர்க்காரர், என்னைவிட மூத்தவர், அவரை அண்ணே என்று அழைப்பேன். இன்னொருவர் மண்டியாக்காரர், கரும்பு விவசாயக் குடும்பம், தமிழ் நன்றாகப் பேசுவார். டிசம்பர் இரவில் 15, 16 பாகைக் குளிர். நோய்க்கு அஞ்சித் திறந்த மாடியில்தான் அமர்வோம். கறுப்பு பீர் ஒன்றை வாங்கினால் இரண்டு மணி நேரம் வைத்திருப்போம். வறுத்த மால்ட்டின் காரணமாக அதற்குக் காப்பிக் கொட்டையின் மணமும் கசப்பும் உண்டு. அளவாகக் குடிப்பவனுக்கு அந்தக் குளிரில் அது இதமானது என்பதை மறைக்க மாட்டேன்.

2020 டிசம்பரில் முதலமைச்சர் எடியூரப்பா இரவு ஊரடங்கை அறிவித்தார். மணியும் நாளும் மாறின. கடைசியில் 24ஆம் தேதி இரவு 11 மணிக்குத் தொடங்கும் என்றார்கள். தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு அது கைவிடப்பட்டது. "கிருமி இராத்திரி பதினொரு மணிக்கு மேலதான் வேலைக்கு வருதா?" என்று அண்ணன் கேட்டார். சிரித்தோம். அடுத்த ஏப்ரலில் சிரிப்பு இல்லை. இடைத்தேர்தல் கூட்டங்கள் ஒருபுறம் நடந்தன, மறுபுறம் மருத்துவமனைகளில் பிராணவாயு இல்லை, மயானங்களில் வரிசை. தமிழ்நாட்டிலும் தேர்தல் நடந்தது, அங்கும் அதே கோலம்.

2021 டிசம்பர் 2ஆம் தேதி இந்தியாவின் முதல் ஒமிக்ரான் நோயாளிகள் இங்கேதான் கண்டறியப்பட்டனர். 28ஆம் தேதி முதல் இரவு ஊரடங்கு, ஜனவரி முதல் வாரத்தில் வாரஇறுதி ஊரடங்கும் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை நாம் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. ஆனால் ஜனவரி 9ஆம் தேதி, அதே ஞாயிற்றுக்கிழமை, மேகதாது அணை கட்டக் கோரிக் காங்கிரஸ் கட்சியினர் ஆயிரக்கணக்கில் பாதயாத்திரை புறப்பட்டனர். உயர்நீதிமன்றம் கண்டித்த பிறகு 13ஆம் தேதி ராமநகரத்தில் நிறுத்தினார்கள்.

இதைப் பற்றித் திட்டுவது எளிது, மூவரும் திட்டினோம். மேகதாதுவைப் பற்றிப் பேசுவதுதான் கடினம். கனகபுரா வட்டத்தில் 67 டி.எம்.சி. கொள்ளும் அணை, அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு என்பது திட்டம். தமிழ்நாடு எதிர்க்கிறது. 1991 டிசம்பரில் இவ்வூரில் நடந்தது நினைவிருக்கிற தமிழர் எவரும் காவிரி என்ற சொல்லைப் பொது இடத்தில் உரக்கச் சொல்ல மாட்டார். வீட்டுப் பெயர்ப்பலகையைக் கழற்றியவர்கள் நம்மில் உண்டு. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தபோதும் பிள்ளைகளுக்கு நாம் சொன்னது, "வெளியில தமிழ்ல பேசாதே" என்பதே. அரசைத் திட்டும் உரிமை எல்லா மேசைக்கும் உண்டு. இந்த ஒரு பொருளில் மட்டும் நம் குரல் தானாகவே தாழ்கிறது.

அன்று அண்ணன் தாழ்த்தவில்லை. "அணை கட்டிட்டா கடைமடைக்கு எப்ப தண்ணி விடணும்னு யாரு சொல்றது?" என்று கேட்டார். மண்டியாக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க வாய்க்காலும் காய்ஞ்சுதான் சார் கிடக்கு. எங்க ஊர் வழியா குழாய் போகுது, எங்களுக்குத் தண்ணி இல்ல. எல்லாம் இந்த ஊருக்குத்தான் வருது" என்றார். பிறகு தன் குவளையைத் தட்டிக் காட்டினார்.

அவர் காட்டியது உண்மைதான். பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர். ஒரு லிட்டர் பீர் செய்ய, கழுவுவதும் குளிர்விப்பதும் சேர்த்தால் மூன்று நான்கு லிட்டராவது செலவாகும். இந்நகருக்குக் காவிரி நீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. 1974இல் முதல் கட்டம், 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம். 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று குறைத்து, கர்நாடகத்துக்கு 14.75 டி.எம்.சி. கூட்டியது. அதில் 4.75 இந்நகரின் குடிநீருக்காக. அந்த நகரில் நாமும் இருக்கிறோம். தஞ்சைக்குப் போகாத அந்த நீரில் நம் வீட்டுச் சோறும் வேகிறது. இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் பதில் சொல்லவில்லை, அடுத்த குவளையும் கேட்கவில்லை.

ஒன்பதரை மணிக்குக் கூடத்துக்காரர் விளக்கை அணைக்கத் தொடங்கினார், பத்துக்கு ஊரடங்கு. அணைப் பேச்சு அப்படியே நின்றது. ஜனவரி இறுதியில் இரவுக் கட்டுப்பாடு நீங்கிற்று. பிப்ரவரி 27ஆம் தேதி பாதயாத்திரை ராமநகரத்திலிருந்து மீண்டும் தொடங்கிப் பெங்களூரில் முடிந்தது. அணை இன்னும் எழும்பவில்லை. 2023 செப்டம்பர் 26ஆம் தேதி காவிரிக்காகப் பெங்களூரில் முழு அடைப்பு நடந்தது. அன்று காலை மண்டியாக்காரர் எங்கள் இருவருக்கும் தொலைபேசியில் அழைத்து, வீட்டில் பால் இருக்கிறதா, மருந்து ஏதாவது வாங்க வேண்டுமா என்று கேட்டார். அண்ணன் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அணையைப் பற்றி அரை மணி நேரம் அவரோடு சண்டை போட்டார்.