பிளாஸ்டிக்கும் ஒரு சரக்குதான்



துவரம் பருப்பு, உளுந்து, மிளகாய் வற்றல் மூன்றையும் ஒரே மூட்டையில் கொட்டி, மேலே மண்ணையும் தூவி மண்டிக்குக் கொண்டுபோனால் யார் விலை சொல்வார்? நம் கடைவாசலில் தினமும் சேரும் பிளாஸ்டிக் குப்பை அப்படிப்பட்ட மூட்டைதான். அது மறுசுழற்சிக்குப் போகாததற்கு முதல் காரணமும் அதுவே.

தென்காசி 2019 நவம்பர் 22 முதல் மாவட்டத் தலைநகர். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் கூட்டமோ நாம் அறிந்தது. சிப்ஸ், தண்ணீர் பாட்டில், ஷாம்பூ பாக்கெட் எல்லாம் விற்கிறோம். வீசப்படும் உறை மழையில் சாக்கடைக்குப் போகிறது. சாக்கடையிலிருந்து சிற்றாற்றுக்குப் போகிறது. குளங்களை நிரப்பித் தாமிரபரணியில் சேரும் ஆறு அது. அந்தப் பாசனத்தில் விளைந்த நெல்தான் நம் கடைக்கு அரிசியாக வருகிறது.

மறுசுழற்சிக்குத் தடைகள் எவை?

1. கலப்பு: பாலித்தீன் பை ஏறக்குறைய 110 டிகிரி செல்சியஸில் உருகும். தண்ணீர் பாட்டில் உருக 250 டிகிரி வேண்டும். இரண்டையும் சேர்த்து உருக்கினால் நல்ல பொருள் வராது.

2. அழுக்கு: எண்ணெயும் ஈரமும் பட்ட உறையைக் கழுவத் தண்ணீரும் கூலியும் ஆகும். அந்தச் செலவு விலையைத் தின்றுவிடும்.

3. பல அடுக்கு உறை: சிப்ஸ், ஷாம்பூ பாக்கெட்டுகள் பலவற்றில் வெவ்வேறு பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டியிருக்கும். அவற்றைப் பிரிப்பது மிகக் கடினம்.

4. எடை: பை இடத்தை அடைக்கும், தராசில் நிற்காது. வண்டி வாடகை கட்டாது. ஆகவே பொறுக்குபவரும் பாட்டிலை எடுத்துக்கொண்டு பாக்கெட்டை விட்டுவிடுகிறார்.

“உறை தயாரிப்பவரை விட்டுவிட்டு விற்பவரைப் பிடிக்கிறார்களே” என்ற நம் மனக்குறை நியாயமானதே. உறையைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது சுமத்தும் விரிவான நெறிமுறைகளை மத்திய அரசு 2022 பிப்ரவரியில் வெளியிட்டது. சரக்கு கொண்டுவரும் விநியோகஸ்தரிடம், “காலி உறைக்கு என்ன ஏற்பாடு?” என்று நாம் கேட்கலாம்.

அதே சமயம் நம் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் கேரி பைகளுக்குத் தடை உள்ளது. “இது கெட்டியான பை” என்ற சமாதானம் இங்கே செல்லாது. துணிபோலத் தோன்றும் நெய்யாத பைகளும் 2019இல் அந்தத் தடைப் பட்டியலில் இருந்தன.

நாம் செய்யக்கூடியது மிக எளிது. கடையின் பின்புறம் மூன்று சாக்குகளைக் கட்டுவோம். ஒன்றில் பாட்டில், ஒன்றில் எண்ணெய் கேன் போன்ற கெட்டிச் சாமான், ஒன்றில் உலர்ந்த பாலித்தீன் தாள். முதல் இரண்டுக்கும் பழைய பொருள் கடையில் விலை கிடைக்கும். மூன்றாவதற்கும் வழி உண்டு: சுத்தமான பாலித்தீனைத் துருவி, சூடான ஜல்லியில் பூசித் தார்ச்சாலை போடும் முறையை மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. தனிக் கடையின் சாக்கு சிறிது. தெருக் கடைகள் சேர்ந்தால் ஒரு வண்டி நிறையும். எக்காரணம் கொண்டும் எரிக்க வேண்டாம்.

பயிற்சி: ஒரு வாரம் மூன்று சாக்குகளையும் எடைபோட்டுக் கணக்கில் எழுதுங்கள். எழுதிய பின் அது குப்பையாகத் தெரியாது; சரக்காகத் தெரியும்.