கப்பலில் மாலைப் பொழுது: முதற் பயணத்துக்கு முன் ஒரு கணக்குப் பாடம்

காக்ஸ் டவுனில் உள்ள எமது கிளைக்குப் பல்லாண்டுகளாக வந்து செல்லும் வாடிக்கையாளர் ஒருவர் ரயில்வே பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு நாள் தம் மனைவியுடன் வந்தார். மாதந்தோறும் தவறாமல் செலுத்திய தொடர் வைப்பு முதிர்வடைந்திருந்தது. அந்தத் தொகையைக் கொண்டு ஐந்து இரவுகள் கொண்ட கப்பல் பயணத்துக்குச் சீட்டும் எடுத்துவிட்டார்கள். ஆயினும் அம்மையாரின் முகத்தில் மகிழ்ச்சியைவிடக் கவலையே மிகுந்திருந்தது.

“சீட்டுக்குப் பணம் கட்டியாச்சு சார். ஆனா ராத்திரி சாப்பாட்டுக்கும் ஆட்டம் பாட்டுக்கும் தனியாக் கேட்பாங்களாமே? கேட்டாங்கன்னா நாங்க ரூமிலேயே உட்கார்ந்துடுவோம்” என்றார் அவர்.

அந்தச் சொல் எங்களைச் சிந்திக்க வைத்தது. முதல் முறை கப்பலேறுவோர் இரண்டு வகையில் இழப்படைகிறார்கள். சிலர் எல்லாம் இலவசம் என்று எண்ணிக் கடைசி நாளில் பட்டியலைக் கண்டு திகைக்கிறார்கள். வேறு சிலர் எல்லாவற்றுக்கும் பணம் என்று அஞ்சி, ஏற்கெனவே பணம் செலுத்திவிட்ட இன்பங்களையும் நுகராமல் அறைக்குள் அடைந்து கிடக்கிறார்கள். முதல் வகை இழப்பு பட்டியலில் தெரியும்; இரண்டாவது எந்தப் பட்டியலிலும் தெரியாது. இரண்டையும் தவிர்க்கும் வழியை இப்பாடத்தில் காண்போம்.

நம் கரைக்கு வந்த கப்பல்

கடல் இல்லாத பெங்களூருவில் வாழும் நமக்குக் கப்பல் விடுமுறை என்பது அண்மைக் காலம் வரை தொலைவான செய்தியாகவே இருந்தது. 2021 செப்டம்பரில் கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் மும்பையிலிருந்து பயணங்களைத் தொடங்கியபின் நிலைமை மாறியது. 2022 ஜூன் மாதம் அக்கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் புறப்பட்டது. 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்குச் சென்றது. 1990ஆம் ஆண்டு பிரான்சில் கட்டி முடிக்கப்பட்ட இக்கப்பல் 11 தளங்கள் உடையது. வழித்தடங்கள் பருவத்துக்கு ஏற்ப மாறும் என்பதால் பயணத் தேதியை உறுதிசெய்துகொண்ட பின்னரே சென்னைக்கு ரயில் சீட்டு எடுப்பது நன்று. சிங்கப்பூருக்கு விமானத்தில் சென்று அங்கிருந்து கப்பலேறுவோரும் நம்மிடையே உண்டு.

எந்தக் கப்பலாயினும் பகற்பொழுது பெரும்பாலும் கரையிலோ நீச்சல் குளத்தருகிலோ கழிந்துவிடும். மாலை 6 மணிக்குமேல் கப்பலே ஊராகிவிடுகிறது. உணவு, இசை, நாடகம், கடை அனைத்தும் சில தளங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. பயணிகளின் கைப்பணம் பெரிதும் கரைவதும் அந்த வேளையில்தான்.

மாறாச் செலவும் மாறும் செலவும்

வணிகவியல் படித்தோர் முதலில் கற்கும் பாகுபாடு இது. கடை வாடகை மாறாச் செலவு. வாங்கும் சரக்குக்கேற்பக் கூடிக் குறைவது மாறும் செலவு. கப்பல் பயணத்தையும் அவ்வாறே பிரித்துப் பார்க்கலாம்.

பெரும்பாலான கப்பல்களில் அறை, முதன்மை உணவுக்கூடம், தாமே எடுத்து உண்ணும் பொது உணவகம், அரங்கில் நடைபெறும் வழக்கமான நிகழ்ச்சிகள், கூடங்களில் நேரடி இசை ஆகியவை சீட்டின் விலையில் அடங்கும். இவை மாறாச் செலவு. நீங்கள் அனுபவித்தாலும் அனுபவிக்காவிட்டாலும் பணம் போய்விட்டது.

மதுவகைகள், புட்டியில் அடைத்த பானங்கள், தனிச்சிறப்பு உணவகங்கள், சில தனிக்காட்சிகள், சூதாட்டக் கூடம், ஒளிப்படங்கள், இணைய இணைப்பு ஆகியவை பொதுவாகத் தனிக் கட்டணத்துக்கு உரியவை. இவை மாறும் செலவு. சீட்டு உறுதியானவுடன் வரும் ஆவணத்தில் ‘அடங்குவன’, ‘அடங்காதன’ என்று இரு பட்டியல்கள் இருக்கும். இரண்டாவது பட்டியலை முதலில் படியுங்கள்.

உணவுக்கு மூன்று வழிகள்

முதல் வழி, முதன்மை உணவுக்கூடம். மேசைக்குப் பரிமாறும் முறை இங்கு உண்டு. அனைவருக்கும் ஒரே வேளையில் இடமிராது என்பதால் பல கப்பல்களில் இரண்டு பந்திகள் வைப்பார்கள்: மாலை 6 மணியளவில் ஒன்று, இரவு 8 மணிக்குப்பின் மற்றொன்று. முதியோரும் நீரிழிவு உடையோரும் சிறு குழந்தைகளும் இருப்பின் முதற்பந்தியைச் சீட்டெடுக்கும்போதே கேட்டுப் பெறுவது நலம். கப்பலேறியபின் மாற்றுவது கடினம்.

இரண்டாம் வழி, பொது உணவகம். கல்யாண வீட்டுப் பந்தி நமக்குப் பழக்கம்; இங்கோ தட்டை ஏந்தி நாமே செல்ல வேண்டும். ஒருமுறை முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். நுழையும்போது கையைச் சோப்பிட்டுக் கழுவுவதைத் தவறவிடாதீர்கள். பலர் நெருங்கி வாழும் கப்பலில் வயிற்று நோய் விரைவில் பரவும்.

மூன்றாம் வழி, கட்டணம் உள்ள தனிச்சிறப்பு உணவகம். சீன, இத்தாலிய உணவு வகைகளைச் சிறு கூடத்தில் நிதானமாகப் பரிமாறுவார்கள். திருமண நாள் போன்ற ஓர் இரவுக்கு இது பொருந்தும். எல்லா இரவுகளுக்கும் தேவையில்லை.

நம் இல்லத்தார் பலர் கேட்கும் கேள்வி சைவ உணவு பற்றியது. இந்தியத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் பயணங்களில் சைவமும் சமண முறை உணவும் வழக்கமாகக் கிடைக்கின்றன. வெளிநாட்டுக் கப்பல்களிலோ சைவம் என்ற சொல்லுக்கு அவர்கள் கொள்ளும் பொருள் வேறாக இருக்கக்கூடும். முட்டை, மீன் சாறு, வெங்காயம், பூண்டு என எதெது கூடாது என்பதைப் பெயர் சொல்லி எழுத்தில் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

மாலைக் கேளிக்கை

முதல் மாலை பாட்டில் தொடங்குவதில்லை. பாதுகாப்புப் பயிற்சியில் தொடங்குகிறது. டைட்டானிக் விபத்துக்குப்பின் 1914இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கையின் வழிவந்த விதிகளின்படி, கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்டவுடனோ பயணிகள் அனைவரும் இப்பயிற்சியை மேற்கொள்ள வேண்டும். இதைத் தவிர்க்காதீர்கள். உங்கள் ஒன்றுகூடும் இடத்துக்குச் செல்லும் படிக்கட்டு எது என்பதை அன்றே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அரங்க நிகழ்ச்சிகள்: நடனம், மாயவித்தை, திரைப்பாடல் மேடை. ஒரே நிகழ்ச்சி இரவில் இருமுறை நடைபெறுவதும் உண்டு. முதற்பந்தியில் உண்டோருக்குப் பிந்தைய காட்சி, இரண்டாம் பந்தியினருக்கு முந்தைய காட்சி என்பது எளிய ஒழுங்கு. நாங்கள் குடும்பத்துடன் மேற்கொண்ட முதற்பயணத்தில் இதை அறியவில்லை. இலவசக் காட்சிக்கும் இடம் முன்பதிவு செய்யவேண்டியிருந்தது. வாசல் வரை சென்று திரும்பினோம். அன்றாட நிகழ்ச்சி நிரலை ஒவ்வொரு நாளும் காலையிலேயே படித்திருந்தால் அந்த ஏமாற்றம் நேர்ந்திராது.

அரங்கம் பிடிக்காதோருக்குக் கூடங்களில் இசைக்கலைஞர்கள் வாசிப்பார்கள். அங்கு அமர்ந்து கேட்பதற்குப் பானம் வாங்கவேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. குழந்தைகளுக்குத் தனி விளையாட்டுக் கூடம் உண்டு. அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பணியாளர் இருக்கும் நேரத்தைக் கேட்டறிந்தால் பெற்றோருக்கும் ஒரு மாலைப்பொழுது கிட்டும். தலைசுற்றல் உடையோர் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் அமர்வது நல்லது. முனைகளில் ஆட்டம் மிகுதி. சிறப்பு உடை அணியும் இரவு என அறிவித்தால் கலங்கவேண்டாம். நம் பட்டுச் சேலையும் வேட்டியும் எந்த அவைக்கும் தகுந்தவையே.

கண்ணுக்குத் தெரியாமல் செல்லும் பணம்

கப்பலில் ரொக்கம் கைமாறுவது அரிது. அறையின் சாவி அட்டையே கணக்கு அட்டையாகவும் பயன்படும். அதை நீட்டினால் பொருள் வரும். பணம் போனது உணரப்படாது. மூன்று எச்சரிக்கைகளைக் கூறுவோம்.

ஒன்று, சேவைக் கட்டணம். பல பன்னாட்டுக் கப்பல்கள் பானங்களின் விலைமீது 18 விழுக்காடு அளவில் சேவைக் கட்டணம் சேர்க்கின்றன. இதுவன்றி, பணியாளர் அன்பளிப்பு என ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு தொகையும் கணக்கில் ஏறலாம்.

இரண்டு, முன்பிடிப்பு. கப்பலேறும்போது உங்கள் அட்டையில் ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். பற்று அட்டையாயின் அது உங்கள் சேமிப்புக் கணக்கிலுள்ள சொந்தப் பணம். கணக்கு முடிந்தபின்னும் அது விடுபடச் சில நாட்கள் ஆகலாம். அந்நாட்களில் வீட்டுக்கடன் தவணையோ காப்பீட்டுத் தொகையோ அக்கணக்கிலிருந்து செல்லவேண்டியிருந்தால் இடர் நேரும். தனிக் கணக்கையோ கடன் அட்டையையோ பயன்படுத்துவது பாதுகாப்பானது.

மூன்று, கைப்பேசி. நடுக்கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் அலைவரிசையைப் பற்றிக்கொண்டால் கட்டணம் மிகக் கடுமையாக இருக்கும். விமானப் பயணத்தில் செய்வதுபோல் இணைப்பை அணைத்துவிடுங்கள். இதனால் ஒருமுறைக் கடவுச்சொல் வராது என்பதால், பணம் அனுப்பும் வேலைகளைக் கரையிலேயே முடித்துவிடுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு

பின்வரும் எண்கள் கணக்கை விளக்குவதற்கு மட்டுமே, விலைப்பட்டியல் அல்ல. பணியாளர் அன்பளிப்பு சீட்டுடன் செலுத்தப்பட்டதாகக் கொள்வோம். இருவர், ஐந்து இரவுகள்.

தனிச்சிறப்பு உணவகத்தில் ஓர் இரவு, இருவருக்கு: ரூ. 4,000.
பழச்சாறு முதலியன, இருவருக்கு நாளொன்றுக்கு ரூ. 600 வீதம்: ரூ. 3,000.
மேற்கண்ட ரூ. 7,000மீது சேவைக் கட்டணம் 18 விழுக்காடு: ரூ. 1,260.
நினைவுக்கு ஓர் ஒளிப்படம்: ரூ. 1,500.
மொத்தம்: ரூ. 9,760.

எதிர்பாராச் செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ரூ. 10,736. இதை ரூ. 11,000 எனக் கொண்டால், பத்து மாதங்களுக்கு மாதம் ரூ. 1,100 வீதம் செலுத்தும் தொடர் வைப்பு அசலிலேயே இதை ஈடுசெய்யும்; வட்டி மிகுதி. மாலைச் செலவுக்கெனத் தனி வைப்புத் தொடங்குவதன் பயன் இதுவே: சீட்டுப் பணமும் செலவுப் பணமும் கலப்பதில்லை.

புறப்படுமுன்

வெளிநாட்டுத் துறைமுகம் செல்வதாயின், உங்கள் அட்டையில் பன்னாட்டுப் பயன்பாடு திறந்துள்ளதா எனப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 முதல் புதிய அட்டைகளில் இவ்வசதி முடக்கப்பட்ட நிலையிலேயே வழங்கப்படுகிறது. நீங்களே திறந்து, வரம்பும் குறிக்கலாம். கரைக் கடைகளில் ரூபாயிலா உள்ளூர் நாணயத்திலா என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய்க்கு மாற்றித் தரும் கடைக்காரரின் விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமானது. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு 2020 அக்டோபர் முதல் மூலத்தில் வரி வசூலிக்கப்படுகிறது. விகிதம் அவ்வப்போது மாறுவதால் சீட்டெடுக்கும் நாளில் கேட்டறியுங்கள். அது இழப்பன்று, வருமானவரிப் படிவத்தில் ஈடுசெய்துகொள்ளலாம். ஆகவே ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கப்பலில் ஒவ்வோர் இரவும் உறங்கச் செல்லுமுன் அன்றைய கணக்கைக் கேட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் மறுநாளே திருத்தலாம். கடைசி நாள் காலையில் வரிசையில் நின்று வாதிடுவது எளிதன்று.

மீண்டும் அத்தம்பதியர்

அன்று நாங்கள் அவர்களுடன் அமர்ந்து ஒரு தாளில் இரு பத்திகள் வரைந்தோம். இடப்புறம் ‘பணம் கட்டியாயிற்று’. வலப்புறம் ‘கேட்டுக்கொண்டு வாங்கவேண்டும்’. அம்மையார் இடப்பத்தியை விரலால் தொட்டு எண்ணினார். அது வலப்பத்தியைவிட நீளமாக இருந்தது. “இவ்வளவும் நம்மளுதாங்க?” என்று கணவரைப் பார்த்துக் கேட்டார்.

பயணம் முடிந்து கிளைக்கு வந்தபோது அத்தாள் நான்காக மடிந்து அவருடைய கைப்பையில் இருந்தது. இடப்பத்தியில் ஒவ்வொன்றின் எதிரிலும் பேனாவால் குறியிட்டிருந்தார். வலப்பத்தியில் ஒரே ஒரு குறி: இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒளிப்படம்.

நீங்களும் புறப்படுமுன் அத்தகைய ஒரு தாளைத் தயாரியுங்கள். உங்கள் பயண ஆவணத்தை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கிளைக்கு வந்தால், இரு பத்திகளையும் நிரப்ப நாங்களும் துணையிருப்போம்.