மரத்த பாதமும் நம் நடையும்

கடை வைத்திருக்கும் நமக்குக் காலும் ஒரு மூலதனம். காலையில் கதவைத் திறந்தால் இரவு அடைக்கும்வரை நிற்கிறோம், நடக்கிறோம். சரக்குக்கு உள்ள கணக்கு காலுக்கு இல்லை. பாடாங் செராயில் நம்மவர் பலருக்கு இனிப்புநீர் உண்டு. சிறு புண்ணில் தொடங்கி விரலை, பாதத்தை இழந்தவர்களும் உண்டு. "இனிப்புநீர் சதையைத் தின்றுவிட்டது" என்பார்கள். இரத்த ஓட்டம் குறைவதும் ஒரு காரணந்தான். ஆயினும் பெரும்பாலும் வினை தொடங்குவது நடையில்.

அடி எடுத்து வைக்கும்போது முதலில் குதிகால் தரையில் படுகிறது. பாரம் பாதத்தின் வெளியோரமாக முன்னே உருண்டு, விரல்களுக்குப் பின்னுள்ள மேட்டுக்கு வருகிறது. பிறகு பெருவிரல் தரையை உந்த, கால் எழும்புகிறது. ஒரு நடைச் சுற்றில் 100 பங்கு நேரமென்றால் சுமார் 60 பங்கு கால் தரையில் இருக்கும். 40 பங்கு காற்றில் வீசும். குதி பதியும்போதும் விரல் உந்தும்போதும் பாதம் தாங்குவது நம் எடைக்குச் சற்று மேலேயே.

நெடுந்தூரம் நடந்தால் நல்ல கால் ஓரிடத்தில் கடுக்கும். நாம் அறியாமலே பாரத்தை மாற்றி வைத்து நடப்போம். மரத்த கால் மாற்றாது. அதே மேட்டில் ஆயிரமாயிரம் தடவை அடி விழுந்து, தோலுக்குள்ளேயே சதை நைந்துபோகும்.

இதை விளக்கியவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். குஷ்டரோகியின் விரல்கள் நோயால் அழுகி விழுவதாகவே அன்று பலரும் நம்பினர். வலி தெரியாததால் உண்டாகும் காயங்களே காரணம் என்று அவர் காட்டினார். நுரை ரப்பரில் மெத்தென்ற செருப்புகள் செய்வித்தார்கள். முன்பாதம் தொங்கியவர்களுக்குத் தசைநாரை இடம் மாற்றித் தைத்து, மறுபடி நடக்கப் பழக்கினார்கள். பால்மரத்தை நம்பி வளர்ந்த நம்மூரில் ரப்பரின் இந்த உபயோகத்தைப் பேசுவார் இல்லை! 1966-ல் பிராண்ட் அமெரிக்கா சென்றார். அங்கே அதே பாடம் இனிப்புநீர்க் கால்களுக்கும் பயன்பட்டது.

இதற்கும் முன்பே, 1930-களில், இலங்கைத் தமிழரான டாக்டர் மில்ராய் பால் உணர்ச்சியற்ற பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஆற்றினார். பாதத்தோடு ஒட்டிய கட்டு பாரத்தை உள்ளங்கால் முழுவதற்கும் கெண்டைக்காலுக்கும் பங்கிட்டுவிடும். ஒருவன் முதுகில் ஏற்றும் மூட்டையை நாலு பேர் பிடிப்பது போல. சீழ் வைத்த புண்ணுக்கும் இரத்த ஓட்டமற்ற காலுக்கும் இது ஆகாது; டாக்டரே முடிவு செய்ய வேண்டும்.

கட்டைப் பிரித்த அன்றே கடைக்கு ஓடுவது நம்மவர் வழக்கம். அது கூடாது, புதுத் தோலுக்குப் பலமில்லை. முதலில் சில நிமிடங்களே, மெதுவாக, குட்டை அடியாக நடக்க வேண்டும். அடி குட்டையானால் விரல் உந்தும் வேகம் தணியும். நடந்தபின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சுட்டால் அங்கே சதை நைகிறது; ஓய்வு கொடுங்கள். அடிப்பாகம் முன்னால் படகுபோல் வளைந்த செருப்பும் அந்த மேட்டைக் காக்கும்.

ஒளுவுக்காக ஐவேளையும் காலைக் கழுவுகிறோமே, அப்போதே பார்த்துவிடலாம். விரலிடுக்கின் ஈரத்தைத் துடையுங்கள். உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். கண் மங்கியவர் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசல் முற்றத்துச் சிமெண்டு கொதிப்பது மரத்த காலுக்குத் தெரியாது. செருப்பைப் படியருகில் கழற்றுங்கள். சிவப்போ கொப்புளமோ கண்டால் கல்லாவைத் தம்பியிடம் விட்டு, அன்றே கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.