படம் கனத்தால் படிவம் நகராது

இந்த மாதக் கணினிப் பாடம் நான் செய்த ஒரு தப்பிலிருந்து தொடங்குகிறது.

எங்கள் குடியிருப்பில் இளைஞர்கள் சேர்ந்து இலவச டியூஷன் வகுப்பு நடத்துகிறோம். மாணவர் பதிவேட்டை மைக்ரோசாப்ட் ஆக்சஸில் தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. படிவம் என்றதும் படிவம் 4, படிவம் 5 என்று நினைச்சிடாதீங்க. திரையில் விவரங்களை நிரப்பும் ஃபாரத்தைத்தான் சொல்கிறேன். பெயர், பள்ளி, பெற்றோர் தொலைபேசி எண், வலது ஓரத்தில் மாணவரின் படம். 5 பேரை வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியா இருந்தது. 40 பேர் சேர்ந்ததும் ஒவ்வொரு பக்கமும் திறக்க மூச்சு வாங்கியது.

பதிவு நாளில் வரிசை வாசல் வரை நின்றது. "தம்பி, எனக்கு நைட் ஷிப்டுக்கு நேரமாச்சுப்பா" என்று ஓர் அம்மா பதிவு செய்யாமலே மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கணினி பழசு என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் தப்பு என்னுடையது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கைப்பேசியில் எடுத்த படம் 4000க்கு 3000 புள்ளிகள். அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 3 பைட் தேவை. பிட்மேப், அதாவது பிஎம்பி வடிவம் இதைப் பெரும்பாலும் சுருக்காமல் அப்படியே எழுதி வைக்கும். ஒரு படத்துக்கு 36 மெகாபைட்! 40 படத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை ஜிகாபைட். ஆக்சஸ் கோப்பின் உச்ச வரம்பே 2 ஜிகாபைட்தான். இன்னும் 20 பிள்ளைகள் வந்திருந்தால் பதிவேடே நின்றுபோயிருக்கும்.

"நான் ஜேபெக்தானே போட்டேன்?" என்று கேட்கலாம். நானும் அதைத்தான் போட்டேன். ஆனால் ஓஎல்இ ஆப்ஜெக்ட் என்ற புலத்தில் படத்தை உட்பொதித்தால், திரையில் காட்டுவதற்காக ஒரு பிட்மேப் பிரதியும் கூடவே சேமிக்கப்படலாம். 3 மெகாபைட் ஜேபெக் உள்ளே போய்ப் பல மடங்கு வீங்குவது இதனால்தான். ஆக்சஸ் 2007இல் வந்த அட்டாச்மென்ட் புலத்தில் இந்த வீக்கம் இல்லை. ஆனாலும் படங்கள் அதே கோப்புக்குள்தான் இருக்கும். 2 ஜிகாபைட் வரம்பு அங்கேயும் உண்டு.

சரி, எந்த வடிவம் எதற்கு? முகப் படத்துக்கு ஜேபெக். கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிட்டு நன்றாகச் சுருக்கும். சின்னம், கையெழுத்து, கோட்டுப் படம் ஆகியவற்றுக்குப் பிஎன்ஜி. எதையும் இழக்காமல் சுருக்கும், ஓரங்கள் கலங்காது. முகப் படத்தைப் பிஎன்ஜியில் வைத்தால் தேவையில்லாமல் பெரிதாகும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். ஜேபெக் வட்டில் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் திரையில் காட்டும்போது கணினி அதை முழுசா விரிக்கணும். 3 மெகாபைட் படமும் நினைவகத்தில் திரும்ப 36 மெகாபைட் ஆகிவிடும். அதனால் வடிவத்தை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான் முடிந்தது. புள்ளிகளையும் குறைக்க வேண்டும். படிவத்தில் படத்துக்கு இருக்கும் இடம் ஒரு தீப்பெட்டி அளவு. அதற்கு 400க்கு 300 புள்ளிகள் தாராளம். விரித்தாலும் 360 கிலோபைட்தான், அதாவது நூறில் ஒரு பங்கு.

நான் செய்த மாற்றம் இதுதான்:

1. முதலில் பதிவேட்டுக்கு ஒரு நகல் எடுத்து வைத்தேன்.

2. எல்லாப் படங்களையும் 400க்கு 300 அளவில் ஜேபெக்காக மாற்றி, பதிவேடு இருக்கும் இடத்திலேயே ஒரு கோப்புறையில் போட்டேன்.

3. அட்டவணையில் படத்துக்குப் பதிலாக அதன் கோப்புப் பெயரை மட்டும் எழுதினேன். பதிவேடு இருக்கும் இடத்தை வைத்து முழுப் பாதையைப் படிவமே அமைத்துக்கொள்ளும். முழுப் பாதையையும் எழுதி வைத்தால் வேறு கணினிக்கு மாற்றும்போது படங்கள் காணாமல் போகும்.

4. பழைய படப் புலத்தை நீக்கிவிட்டு, 'காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்' ஓட்டினேன். இதைச் செய்யாவிட்டால் அழித்த படங்களின் இடம் கோப்பில் அப்படியே கிடக்கும்.

ஒன்றை மறக்காதீங்க. இனி நகல் எடுக்கும்போது பதிவேட்டோடு படக் கோப்புறையையும் சேர்த்து எடுக்கணும். அவை பிள்ளைகளின் படங்கள். யார் வேண்டுமானாலும் திறக்கும்படி வைக்காதீங்க.

இப்போது 'அடுத்து' பொத்தானை அழுத்தினால் அடுத்த மாணவர் உடனே வந்துவிடுகிறார். கணினி அதே பழைய கணினிதான். அந்த அம்மாவுக்கு மறுநாளே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். மறுவாரம் மகளோடு வந்தார். பதிவு முடிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

உங்கள் மன்றத்திலும் இப்படி ஒரு பதிவேடு இருக்கும். இன்றைக்கே அதிலுள்ள ஒரு படத்தின் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி, 3ஆல் பெருக்கிப் பாருங்க. கணினியைக் குறை சொல்வது அப்புறம்.